நான் பீரோவுக்குப் பின்னவில்லை

அக்காமார்களே, அண்ணிமார்களே, பேரன் பேத்தி எடுத்திருக்கிற அத்தைமார்களே, சித்திமார்களே,

கையால் பின்னின ஒரு குல்லாவோ தைத்த ஒரு விரிப்போ உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பரிசாக வந்து, அது இன்னும் ஒருமுறைகூடப் பிள்ளையின் உடம்பைத் தொடாமல் இருந்தால், இந்த மடல் உங்களுக்குத்தான். எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். பீரோவின் மேல் தட்டில், முகூர்த்தப் பட்டுக்குப் பக்கத்தில். இல்லையென்றால் ஹாலில் கண்ணாடி ஷோகேஸில், வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த சென்ட் பாட்டிலுக்கும் யாரோ எப்போதோ ஓட்டப்பந்தயத்தில் வாங்கின கோப்பைக்கும் நடுவில். கவரைக்கூடப் பிரித்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் இருக்கிறது.

நான் திருப்பூர்க்காரி. கோயம்புத்தூரில் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டுப் பரீட்சை முடிந்து ஊருக்கு வந்தபோது, சொந்தத்திலும் தெருவிலுமாக ஐந்து வீட்டில் பிள்ளை விசேஷம். ஒரு வீட்டில் பிறந்து பத்து நாள், ஒரு வீட்டில் வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் காசில்லை. விடுமுறை ஏழு வாரம் இருந்தது. ஆஸ்டலில் பக்கத்துக் கட்டில் தோழி கற்றுக்கொடுத்த குரோஷாவும், அம்மிச்சியிடம் சின்ன வயதில் பார்த்த ஓட்டுத்தையலும் இருந்தன. மூன்று குல்லா, இரண்டு ஜோடி காலுறை, ஒரு குரோஷா விரிப்பு, ஒரு ஒட்டுத்துணி விரிப்பு, அப்பாவின் பழைய வேட்டியில் இடுப்பில் முடிகிற முக்கோணத் துணி இரண்டு டஜன். இதுதான் என் கோடை.

திருப்பூரில் உட்கார்ந்து கையால் பின்னுவது உங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. இருக்காதா பின்னே? எங்கள் தெரு முனையிலிருக்கிற நிட்டிங் கம்பெனியில் வட்டமாகச் சுற்றுகிற மிஷின், நான் ஒரு வரிசையை முடிப்பதற்குள் முழத் துணியை இறக்கிவிடும். காதர்பேட்டைக்குப் போனால் பிள்ளைச் சட்டைகளைக் குவித்து வைத்து விற்கிறார்கள். "பனியன் ஊருல பொறந்துட்டு ஊசியோட உக்காந்திருக்கறா பாரு" என்று ஒரு பெரியம்மா சொன்னார். அவர் சொன்னதில் பாதி சரி. ஊசி இரண்டு வைத்துப் பின்னுகிற பின்னலை மிஷின் என்றைக்கோ பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் சட்டத்தை உருவாக்கியது 1589-ல். நம் ஊரில் ஓடுகிற அத்தனை மிஷினும் அந்த வழியில் வந்தவைதான்.

ஆனால் குரோஷா அப்படியில்லை. ஒரே ஒரு கொக்கி ஊசியால் கண்ணிக்குள் கண்ணியாக இழுத்துப் போடுகிற அந்தப் பின்னலைக் கை செய்வது போலவே செய்கிற மிஷின் எந்தத் தொழிற்சாலையிலும் ஓடவில்லை. அதைப் போலத் தோன்றுகிற துணி செய்கிற மிஷின் உண்டு, அவ்வளவுதான். அப்படியென்றால் நீங்கள் கடையில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிற குரோஷா குல்லாவையும் எங்கோ ஒரு பெண் உட்கார்ந்து பின்னியிருக்கிறாள். அவளுக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன். குரோஷா விரிப்பில் 36 சதுரம். ஒரு சதுரத்துக்கு நாற்பது நிமிடம், ஆக 24 மணி நேரம். சதுரங்களை இணைக்கவும் நூல் நுனிகளை உள்ளே இழுத்து மறைக்கவும் இன்னொரு எட்டு மணி நேரம். அம்மா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். நான் 32 மணி நேரம் என்றதும் அவர் வாயில் வந்தது ஒரே வார்த்தை: "நாலு ஷிப்ட்டு." அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள். "இது கடையில என்ன விலை வரும்?" "ஆர்டர் எடுத்துச் செய்யலாமே கண்ணு, மாசம் நல்லா சம்பாரிக்கலாம்." "இதுக்கெல்லாம் காலேஜ்ல மார்க் போடுவாங்களா?" ஒருவர், "கட்டிக்கப் போறவன் கொடுத்து வெச்சவன்" என்றார். பின்னுகிற பெண் எல்லாம் யாரோ ஒருவனுக்காகத்தான் பின்னிப் பழகுகிறாள் என்று ஏன் முடிவு செய்துவிட்டீர்கள்? அந்த 36 சதுரத்தில் 11 என் தம்பி பின்னியது. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவன், போனை அம்மா பிடுங்கிவைத்த கோபத்தில் கொக்கி ஊசியை எடுத்தான். வெளியே சொல்லாதே, கேலி பேசுவார்கள் என்று மாமா சொல்லியிருந்தார். சொல்லிவிட்டேன். நீல ஓரம் வைத்ததெல்லாம் அவனுடையது. என்னுடையதைவிட இறுக்கமாக, ஒழுங்காக இருக்கும்.

இவையெல்லாம் சின்னக் குறைகள். சிரித்துவிட்டுப் போய்விடலாம். என்னை எழுத வைத்தது வேறு.

போன மாதம் ஓர் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். தூரியில் பிள்ளை. நாலு மாதம் ஆகிறது. மின்விசிறி ஓடியும் அடங்காத புழுக்கம். பிள்ளைக்கு நெட் துணியில் கவுன், கழுத்தைச் சுற்றி ஜிகினா. கழுத்து மடிப்பில் தோல் சிவந்து கன்றியிருந்தது. "நான் கொடுத்த குல்லாவும் விரிப்பும் எங்கே அத்தை?" என்றேன். அத்தைக்கு முகமெல்லாம் பெருமை. "பத்திரமா வெச்சிருக்கறேன் சாமி. நீ கண்ணு முழிச்சுப் பின்னுனது, எடுத்துப் போட்டா அழுக்காயிருமல்ல?" பீரோவைத் திறந்தார். முதலில் வந்தது ரசகற்பூர வாசனை.

குல்லாவைப் போட்டுப் பார்த்தோம். ஏறவில்லை. தேங்காய் மேல் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்த மாதிரி உச்சியில் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில்தான் மனதுக்குள் கணக்கு ஓடியது. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. முதல் மூன்று மாதம் மாதத்துக்கு இரண்டு செ.மீ. வளரும். அடுத்த மூன்று மாதம் மாதத்துக்கு ஒன்று. பிறகு மெதுவாகும். நான் பின்னின குல்லா இழுத்தாலும் 38-ஐத் தாண்டாது. அதாவது அதன் ஆயுள் ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் அது பீரோவில் இருந்தது. பட்டுச்சேலைக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதை அடுத்த தீபாவளிக்கும் கட்டலாம். பிள்ளைத்துணிக்கு அடுத்த தீபாவளியே கிடையாது.

அந்த ரசகற்பூர வாசனையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், இதில் எனக்கு விளையாட்டு இல்லை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்கிற நொதி குறைவாக இருக்கும். பார்த்தால் தெரியாது, வீட்டாருக்கும் தெரிந்திருக்காது. ரசகற்பூரம், அதாவது நாப்தலின் உருண்டை, போட்டு வைத்த துணியை எடுத்து அப்படியே அந்தக் குழந்தைக்குப் போட்டால் ரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் உடையலாம். மஞ்சள் காமாலை கடுமையாக வரலாம், முற்றினால் மூளையைத் தாக்கும். குழந்தை மருத்துவப் புத்தகங்களில் இருக்கிற எச்சரிக்கை இது, நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பத்திரம் என்று நீங்கள் நினைத்து வைக்கிற இடம் பிள்ளைக்குப் பத்திரமான இடம் இல்லை. பிள்ளைத்துணி இருக்கிற தட்டில் அந்த உருண்டையே வேண்டாம்.

என் பங்குத் தப்பையும் எழுதிவிடுகிறேன். நான்தான் அதைக் கண்ணாடிக் கவரில் போட்டு, ரோஸ் ரிப்பன் கட்டி, "அன்புடன்" என்று அட்டை ஒட்டிக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் யாருக்குத்தான் பிரிக்க மனசு வரும்? பார்க்கிற பொருளாக நான் கொடுத்தேன், பார்க்கிற பொருளாக நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். இனிமேல் மஞ்சள் பையில்தான். ஒருமுறை துவைத்து, வெயிலில் காயவைத்து, கொஞ்சம் கசங்கலாகவே.

நம் வீடுகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பச்சை உடம்புக்குப் புதுத்துணி ஆகாது என்பார்கள். முதலில் பழைய வேட்டி, துவைத்துத் துவைத்து நைந்த வாயில் சேலை, மூத்த பிள்ளைக்குப் போட்ட சட்டை. கண்ணேறு என்று காரணம் சொன்னார்கள். தப்பிப் பிழைக்க வேண்டிய பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பை என்றும் பேர் வைத்தார்களே, அதே மனசு. கண்ணேறில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர்களின் கையில் எனக்கு நம்பிக்கை உண்டு. கஞ்சி போய், சாயம் போய், முரடு போன துணியைவிட மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த வழக்கத்தை விட்டுவிட்டு ஜிகினா கவுனுக்குப் போனோம். பழந்துணி கௌரவக் குறைச்சல், கைவேலை ஷோகேஸ் பொருள். நடுவில் பிள்ளைக்கு வேர்க்குரு.

ஒட்டுத்துணி விரிப்பு செய்ததைச் சொன்னால் நான் எதற்கு இவ்வளவு பேசுகிறேன் என்று புரியும். முதலில் பனியன் கட்பீஸில்தான் தொடங்கினேன், எங்கள் ஊரில் அது கிலோ கணக்கில் கிடைக்கும். தைக்கத் தைக்கத் துணி இழுபட்டு, ஓரமெல்லாம் அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்தது. பின்னின துணி கண்ணிகளால் ஆனது, இழுத்தால் கொடுக்கும். நெய்த துணிக்குப் பாவும் ஊடையும் உண்டு, நின்று பிடிக்கும். இரண்டு நாள் வேலையைப் பிரித்தெறிந்துவிட்டு வீட்டிலிருந்த நெய்த துணிகளைத் தேடினேன். அம்மாவின் சுங்குடிச் சேலை, தாத்தா விட்டுப்போன லுங்கி, ஓரம் கிழிந்த சென்னிமலைப் பெட்ஷீட், என் பள்ளிக்கூடச் சீருடைத் தாவணி. ஆறரை அங்குலச் சதுரமாக 42 வெட்டினேன். பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்குள் போய்விட்டால் ஆறு அங்குலம் நிற்கும், ஆறு வரிசை ஏழு பத்தி. கணக்கு சரியாகத்தான் இருந்தது. கை சரியாக இல்லை. ஒவ்வொரு தையலிலும் ஒரு நூல் அளவு கூடுதலாகப் பிடித்திருக்கிறேன் போல, நாலாவது வரிசையில் மூலைகள் ஒன்றோடொன்று சந்திக்காமல் அரைவிரற்கடை தள்ளி நின்றன. கணிதம் படிக்கிறவளுக்கு அது பெரிய அவமானம். நடுவில் பஞ்சு வைக்கவில்லை, நம் வெயிலுக்கு எதற்கு? ஒரு பழைய வேட்டியை வைத்து, அடித்துணியோடு மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டேன். அந்த வேட்டி நனைந்தால் உறிஞ்சும், அரை நாளில் காயும். அதாவது அந்த விரிப்பில் பிள்ளை மூத்திரம் போகும் என்று தெரிந்துதான், அதற்காகவேதான், நான் துணி தேர்ந்தெடுத்தேன். அதைப் போய்ச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டீர்களே அண்ணி!

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. வங்காளத்தில் காந்தா என்று சொல்வது இதைத்தான். பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையலால் ஒன்றாக்குவார்கள். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் இருக்கிறார்கள் (நம் சித்தி இல்லை, ஆப்பிரிக்க வழிவந்த அந்த மக்களின் பெயரே அது). அவர்கள் வீட்டுப் பெண்கள் பழந்துணித் துண்டுகளை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துப்போகிற விரிப்புக்குக் கவண்டி என்று பெயர். மூலையில் துணியை முக்கோணமாக மடித்து ஒரு பூ வைத்தால்தான் அது முடிந்ததாகக் கணக்கு. பெரியவர்கள் போர்த்துவார்கள், பிள்ளைகளைப் படுக்கப் போடுவார்கள். நைந்தால் மேலே இன்னொரு துண்டு வைத்துத் தைப்பார்கள். சென்னையில் 2016 ஜனவரியில் குரோஷாப் பெண்கள் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டர் போர்வை ஒன்றை இணைத்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய குரோஷாப் போர்வை. அதைக்கூட மடித்துப் பூட்டிவைக்கவில்லை. பிரித்து, போர்த்திக்கொள்ள இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். என் ஆறுவாரக் குல்லா அதைவிட அரிய பொருளா?

இன்னொன்றும் உண்டு. இதை எழுதலாமா என்று யோசித்தேன். மே மாதம் பரணில் துணி தேடும்போது ஒரு தகரப் பெட்டியில் மஞ்சள் ஸ்வெட்டர் ஒன்று கிடைத்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். நான் பிறந்தபோது பக்கத்து வீட்டு டீச்சரம்மா பின்னிக் கொடுத்ததாம். அம்மா ஒருநாளும் எனக்குப் போடவில்லை. நல்லதாக இருக்கிறதே, எங்கேயாவது போகும்போது போடலாம் என்று வைத்தாராம். எங்கேயும் போகவில்லை. அசல் கம்பளி, முதுகில் பூச்சி தின்ற ஓட்டை நாலு. பிரித்துப் பார்த்தேன். கழுத்தில் 64 கண்ணி, மூன்றாவது வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போய், நாலாவதில் கண்டுபிடித்து இழுத்துச் சேர்த்திருக்கிறார். இருபது வருடத்துக்கு முன் ஒருவர் எனக்காகத் தப்புச் செய்து திருத்தியிருக்கிறார். தேறின நூலில் குன்னூரில் இருக்கிற சின்னம்மா மகளின் பிள்ளைக்குக் குல்லா பின்னி அனுப்பினேன். அந்தக் குளிருக்கு அது வேண்டும். டீச்சரம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. போட்டுக்கொண்டேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வழியில்லை. நான் போட்டுக்கொள்ளவும் இல்லையே.

ஆகவே நான் கேட்பது இதுதான். எடுங்கள். கவரைப் பிரியுங்கள். துவைத்து, வெயிலில் போட்டு, பிள்ளைக்குப் போடுங்கள்.

போடுவதற்கு முன் நான் செய்ததை நம்பாமல் ஒருமுறை பாருங்கள். காலுறையை உள்பக்கமாகத் திருப்பி, தொங்குகிற நூல் இருந்தால் வெட்டிவிடுங்கள், ஒரு நூலோ தலைமுடியோ பிள்ளையின் கால்விரலைச் சுற்றி இறுகினால் விரல் வீங்கிவிடும். பட்டன் ஆடினால் பிடுங்கிப் போடுங்கள். உல்லன் என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக், வேர்வை குடிக்காது. அதில் நான் பின்னின பச்சைக் குல்லாவைத் திருப்பூர் வெயிலில் போட வேண்டாம், மார்கழிக் காலையில் போதும். எந்தக் குல்லாவும் தூங்கும்போது வேண்டாம். விரிப்பையும் ஒரு வயது வரை தூங்குகிற பிள்ளைமேல் போர்த்தாதீர்கள், முகத்தில் ஏறி மூச்சை அடைக்கும். பகலில் தரையில் விரித்து, நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு பிள்ளையைக் குப்புறப் போட்டு விடுங்கள். தவழட்டும். எச்சில் ஒழுகட்டும், பால் கக்கட்டும், மற்றதும் ஆகட்டும். சுங்குடிச் சதுரத்தின் புள்ளியைப் பிடுங்கப் பார்ப்பான், பார்க்கட்டும். ஏற்கெனவே பிள்ளை வளர்ந்துவிட்டதா? அப்படியே மடித்து, அடுத்துப் பிள்ளை பிறக்கப்போகிற வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம், நான் வருத்தப்பட மாட்டேன். போட்டோ அனுப்ப வேண்டும் என்றும் இல்லை.

இது என் ஒருத்தியின் பொருளுக்காக மட்டும் கேட்பதும் அல்ல. உங்கள் பிள்ளைக்கு யாரோ ஒரு பெரியம்மாவோ, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் பழக்கமானவரோ, பள்ளிக்கூடத்து டீச்சரோ ஏதாவது செய்து கொடுத்திருப்பார்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வரும்போது தூரிப் பக்கம் ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

செமஸ்டர் முடிந்து டிசம்பரில் வருவேன். கிழிந்தது, அறுந்தது, கறை ஏறினது எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள். ஊசியும் துண்டுத்துணியும் கொண்டு வருகிறேன். தம்பியும் வருவான்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அக்கா முறை ஆகிறவள்